பங்களா பேக்கனும் உன் அம்மாவின் விரதமும்

மகனே,

உன் கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்து சுங்கைப் பட்டாணியில் புது வீட்டுக்குக் குடிபோனவன், அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டிருப்பாய் என்று பிரித்தேன். நீ கேட்டிருப்பதோ, பேக்கனை ஓவனில் வைத்து மொறுமொறுவென்று எடுப்பது எப்படி என்று. மருமகள் இரண்டு தடவை முயன்று பார்த்தாளாம். ஒரு தடவை ரப்பர் மாதிரி இழுத்ததாம், இன்னொரு தடவை கரிக்கட்டையாகி, புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்களாம். படித்ததும் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் புதிதாக இருக்கிறது. சிரிப்போ அழுகையோ எனக்குச் சட்டென்று வருவதில்லை என்பது என்னிடம் வளர்ந்த உனக்குத் தெரியும்.

கடிதத்தின் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதியதுபோல, இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். உன் கல்யாணப் பந்தியில் யாரோ ஒரு அம்மாள், "ஒங்கம்மா கையில தீனிய வச்சிக்கிட்டே திங்காம செத்தவடா" என்று உன்னிடம் சொன்னாளாம். காய்ச்சலில் போனாள் என்றுதானே அப்பா சொல்லியிருக்கிறார், எது நிஜம் என்று கேட்கிறாய். உனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டவளைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. பேச உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது, பேக்கனைப் பற்றி என்றால் வரும். நல்லவேளை, உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அதனால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

எல்லாரும் செய்கிற தவறு, ஓவனை நன்றாகச் சூடேற்றிவிட்டு உள்ளே வைப்பது. கேக்குக்கு அது சரி, பேக்கனுக்கு ஆகாது. தட்டில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பு. அடியில் அலுமினியத் தாள் விரித்தால் மருமகளுக்குக் கழுவும் வேலை மிச்சம், நீயே கழுவினால் இன்னும் நல்லது. உப்பில் ஊறிப் புகையில் காய்ந்த பன்றி வயிற்றுக்கறிதானே, எண்ணெயும் வேண்டாம், உப்பும் வேண்டாம், எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஓவன் சில்லென்று கிடக்கும்போதே தட்டை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் நெருப்பைப் பற்றவை. சூடு மெல்ல மெல்ல ஏறும்போது கொழுப்பு தானாக உருகி வெளியே வந்துவிடும். எடுத்த எடுப்பில் பெருஞ்சூட்டில் போட்டால் மேலே கருகும், உள்ளே கொழுப்பு அப்படியே நிற்கும். அதைத்தான் மருமகள் ரப்பர் என்கிறாள். புரட்ட வேண்டியதில்லை. கதவைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது, காதைக் கொடுத்துக் கேட்டாலே போதும். முதலில் சடசடவென்று பொரியும். பிறகு சத்தம் அடங்கி, தட்டு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை நுரை கட்டும். நுரை கட்டியதும் எடுத்துவிடு. எடுக்கும்போது கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கும், பயப்படாதே. காகிதத்தில் போட்டு ஆறவிட்டால் முறுகிக்கொள்ளும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யுத்தத்துக்கு முன்பு பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவி. அந்தப் பங்களாக் குசினியில் விறகு போட்டு எரிக்கும் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. அதன் வயிற்றிலேயே கதவு வைத்த ஓவன். நான் அங்கே சமையல்காரன். உன் அம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். அவள் தம்பி வீரையா, உன் மாமா, அவனும் வெட்டுக்காரன்தான், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தான். தாய் தகப்பன் இல்லாமல் கப்பலேறி வந்த பிள்ளைகள் இருவரும். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்குக் காலில் முள் குத்தினால் இவள் சாப்பிட மாட்டாள்.

உன் அம்மாவுக்குக் கவுச்சி இல்லாமல் சோறு இறங்காது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இனி எழுதப்போவது உனக்கு விளங்காது. கருவாடாவது பக்கத்தில் இருக்க வேண்டும். மெர்போக்கிலிருந்து யாராவது நண்டு கொண்டுவந்தால் அன்றைக்கு வீட்டில் திருவிழா. காட்டுப்பன்றி அடித்துப் பங்கு போட்டால் முதல் ஆளாகச் சட்டியோடு நிற்பாள். துரை வீட்டில் மிஞ்சும் பேக்கன் ஓரங்களை வாழை இலையில் சுற்றிக்கொண்டு வருவேன். "எங்கூருல இதுக்கு உப்புக்கண்டம்னு பேரு. வெள்ளக்காரன் தின்னா பேரு மாறிருமோ?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு விரலைச் சப்புவாள்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை வீட்டார் நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமான் அறைச் சாவி ஆணியில் தொங்கியது. கொஞ்ச நாளில் ஜப்பான் அதிகாரி ஒருவன் பங்களாவில் குடியேறினான். சாமான் அறையில் கிடந்த பேக்கனைப் பார்த்துவிட்டுச் செய்யச் சொன்னான். செய்து வைத்தேன். "பாகுஸ்" என்றான். மலாயில் அவனுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் அது ஒன்று, நல்லது என்று அர்த்தம். அதற்கப்புறம் தினமும் காலையில் அது வேண்டும். இருப்புத் தீர்ந்ததும், தோட்டத்துக்குப் பின்னால் பன்றி வளர்த்த சீனரிடமிருந்து பன்றியைப் பிடித்துவரச் செய்தான். வயிற்றுக் கறியை உப்பும் சர்க்கரையும் தடவி ஊறவைத்து, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் தொங்கவிட்டேன். ரப்பர் வாங்க ஆளில்லாமல் கொட்டகை சும்மாதான் கிடந்தது. இறைச்சியில் ரப்பர் வாடை லேசாக ஏறியது. அவனுக்கு அதுவும் பிடித்துப்போனது.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நின்றபோது லாரி வந்தது. இளவட்டங்களை எல்லாம் ஏற்றினார்கள். பங்களாச் சமையல்காரன் என்பதால் என்னைத் தொடவில்லை. வீரையாவை ஏற்றினார்கள். உன் அம்மா கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் லாரியிலிருந்து, "அழுவாதக்கா, சீக்கிரம் வந்துருவேன். சட்டையக் கொடியில போட்டிருக்கேன், மழை வந்தா எடுத்து வைய்யி" என்றான். லாரி போய்விட்டது. அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராக ஆற்றோரம் முனியாண்டி கோயிலுக்குப் போய் விழுந்தாள். "எந்தம்பி உசுரோட இந்த லயத்துக்குத் திரும்பி வர்ற வரைக்கும் கவுச்சிய வாயில வைக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டாள். நம் சனங்கள் அப்படித்தான். தங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைத்தான் சாமியிடம் பணயம் வைப்பார்கள். பிடிக்காத பாகற்காயை விடுகிறேன் என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பருப்பு இருந்தது, மோர் இருந்தது, காய்கறி இருந்தது. விரதம் இருந்தால் யாரும் செத்துப்போவதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக நின்றது. பருப்பு கப்பலில் வரவேண்டிய பொருள், கப்பலே இல்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அரிசி குறைந்து குறைந்து, கடைசியில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அவித்த கிழங்கு, அதன் தழை, ஓடையோரத்துக் கீரை. அவள் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார், உள்ளே ஒன்றுமில்லை.

"வெறும் கிழங்கு தின்னா இப்படித்தான். பயறு, பருப்பு, இறைச்சி ஏதாச்சும் உள்ள போகணும். தவிடு கிடைச்சாலும் போதும். பங்களாவுல நீ என்ன சமைக்கிற?"

"பன்னிக்கறிங்க."

"அப்புறம் என்னத்துக்கு இங்க வந்து நிக்கிற? அதைக் குடு, எந்திரிச்சிருவா."

தவிட்டுக்கு அலைந்தேன். நெல் போன வழியில் தவிடும் போயிருந்தது. ஆக, மிச்சம் இருந்தது பன்றிக்கறிதான்.

இப்போது உன் ஓவனுக்கு வருகிறேன். பேக்கனைச் சட்டியில் வறுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சட்டியில் என்ன கிடக்கிறது என்று குசினிக்குள் வருகிறவன் எவனுக்கும் தெரியும். ஓவனுக்குக் கதவு உண்டு. அதோடு, மொறுமொறுப்பாக எடுத்தால் துண்டு பாதிக்குப் பாதி சுருங்கிவிடும். நான் எத்தனை வைத்தேன், எவ்வளவு நீளத்துக்கு வைத்தேன் என்று தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்னும் முறுகலாக, இன்னும் முறுகலாக என்று எடுத்தேன். ஒருநாள் அதிகாரியே குசினிக்குள் வந்து நின்றான். உன் அம்மாவுக்காக ஒதுக்கிய துண்டுகள் வாழை இலைப் பொட்டலமாக என் மடியில் இருந்தன. ஒரு துண்டை எடுத்து விரலால் ஒடித்தான், பட்டென்று ஒடிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "பாகுஸ், பாகுஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். அரிசி எடுத்தவனை மரத்தில் கட்டி வைத்து அடித்ததை அதற்கு முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். எனக்கு வேர்க்கவில்லை, நடுங்கவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ மரத்துப்போக ஆரம்பித்திருக்க வேண்டும்.

பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் பிரித்து வைத்தேன். வாசனை லயத்து வீடு முழுக்க நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"எடுத்துக்க. டிரஸர் சொல்லிட்டாரு. முனியாண்டிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்? தம்பி வந்ததும் கெடா வெட்டிச் சரி பண்ணிக்கலாம்."

"அவன் வந்ததும் ஒங்களோட சேந்து ஒரு சட்டி திம்பேன். இப்ப வேணாங்க."

"கால் இருக்கிற இருப்பப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவன் கால் எப்படி இருக்கோ அங்க."

சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டாள். நீ அப்போது வயிறு மட்டும் பெரிதாக, கை கால் குச்சியாக, நடக்கப் பயப்படுகிற பிள்ளை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து உன் வாயில் வைத்தாள். கடைசித் துண்டு வரைக்கும் உனக்குத்தான். பிறகு கைவிரலைச் சேலையில் துடைத்துக்கொள்ளவும் அவளுக்குப் பயம், வாசனை சேலையில் ஏறி விரதம் கெட்டுவிடுமோ என்று. வெளியே போய் மண்ணைப் போட்டுக் கழுவினாள். தினமும் இதே கதை. உன் வயிறு வற்றியது, கால் பிடித்தது, ஓடினாய். அவள் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. கல்யாண வீட்டில் அந்த அம்மாள் சொன்னது இதைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. அதற்காக நீ உன்னை நொந்துகொள்ளாதே. கொடுத்தவளுக்கு அது கணக்கே இல்லை, நீ சாப்பிடுகிறதைப் பார்க்கிற நேரத்தில்தான் அவள் முகம் முகமாக இருந்தது.

நன்றாக முறுகிய பேக்கனை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் பொடியாகிவிடும், அதை நீயும் பார்ப்பாய். ஒருநாள் அப்படிப் பொடி செய்தேன். அவள் கிழங்கு அவித்து இறக்கி வைத்திருந்தாள். அந்தக் கிழங்கை மசித்து, உப்போடு உப்பாக இந்தப் பொடியையும் கலந்துவிட்டால், வருடக்கணக்காக ரப்பர் புகையில் கிடந்த நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றேன். அவள் படுத்திருந்த இடத்திலிருந்தே பேசினாள். கோபமாகப் பேசவில்லை.

"நீங்க கலந்து குடுத்தா எனக்குத் தெரியாதுங்க. நான் தின்னுருவேன், காலும் வத்திரும். ஆனா சாமிக்குத் தெரியும். அங்க எந்தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது ஒங்க கையால ஆனது. அத நீங்க தாங்குவீங்களா?"

மகனே, அதை நான் தாங்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நான் பெரிய சாமி பக்தனா என்று கேட்டால், இல்லை. முனியாண்டிக்கும் சயாம் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. ஆனால் வீரையா திரும்பி வராமல் போய்விட்டால், கலந்தது நான்தானே என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். அவளும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பொடியை உன் கிழங்கில் போட்டேன். நீ ருசித்துச் சாப்பிட்டாய். நான் செய்தது சரியா தப்பா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன் என்று எழுதினால் அது பொய். யோசிப்பதில்லை. யோசிக்கிற இடம் மரத்துவிட்டது. புது மாப்பிள்ளையான உனக்கு இதிலிருந்து ஒரு புத்திமதி எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. வேண்டுமானால் இதை வைத்துக்கொள். பெண்டாட்டி ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்லும்போது, அவளுக்கு விவரம் பத்தாது என்று மட்டும் நினைத்துவிடாதே. எல்லாம் தெரிந்துதான் சொல்வாள்.

அவள் ஒரு காலைப் பொழுதில் போனாள். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது, பிறகு வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டார்கள். நான் பங்களாவுக்குப் போனேன். போகாவிட்டால் ஆள் அனுப்புவான், அடுத்த லாரியில் ஏற்றிவிடுவான், உனக்கு அப்புறம் யாரும் இல்லை. இதெல்லாம் நான் யோசித்துச் செய்ததில்லை, கால் போனது, போனேன். தட்டில் துண்டுகளைப் பரப்பினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். சடசடப்பு வந்தது, அடங்கியது, நுரை கட்டியது, எடுத்தேன். அன்றைக்கு மாதிரி முறுகல் என்றைக்கும் வந்ததில்லை. அதிகாரி சாப்பிட்டான். அதற்கப்புறம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து அவளை எடுத்தோம். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பிறகு வரும் என்று சொன்னார்கள். நானும் வரும் என்றுதான் இருந்தேன்.

ஜப்பான்காரன் போய்க் கொஞ்ச காலம் கழித்து, ஒரு நடுப்பகலில் வீரையா வந்தான். யாரோ கிழவன் பிச்சைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு கால் புண்ணாகிக் கட்டுப் போட்டிருந்தது. வாசலில் நின்று, "மச்சான், அக்கா வெட்டுக்குப் போயிருக்கா?" என்று கேட்டான்.

"அக்கா இல்லப்பா. காய்ச்சல் வந்து போயிருச்சு."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "எம்மேல கோவமா இருந்துச்சா? சீக்கிரம் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனேன்" என்றான். இல்லை என்றேன். சோறு போட்டேன், கருவாடு இருந்தது, வைத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டான். எனக்கு இவன்மேல் கோபம் வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன். அவனோடு போன லாரியில் எங்கள் தோட்டத்து ஆட்களில் திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான். வேண்டுதல் பலித்ததா, அவன் ஆயுள் கெட்டியா, எனக்குத் தெரியாது. விரதத்தைப் பற்றி அவனிடம் நானும் சொல்லவில்லை, லயத்தில் யாரும் சொல்லவில்லை. அது மட்டும் எப்படியோ ஊர்க் கட்டுப்பாடு மாதிரி ஆகிவிட்டது. உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். நீயும் அவனிடம் சொல்லக் கூடாது.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. வருடா வருடம் உன் அம்மாவுக்குப் படையல் போடுகிறோம். செத்தவர்களுக்கு உயிரோடு இருக்கும்போது பிடித்ததைத்தான் நம் வீடுகளில் வைப்பது வழக்கம், கோழி, மீன், கருவாடு என்று. உன் அம்மா இலையில் மட்டும் சோறும் காய்கறியும்தான் இருக்கும். ஏன் என்று நீ ஒருதடவை கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். விரதத்தோடு போனவள் இலையில் கவுச்சி வைக்க எனக்குக் கை வரவில்லை. இந்த வருடப் படையலை உன் வீட்டில் போடு. நான் எழுதியிருக்கிற மாதிரி அந்த ஓவனில் ஒரு தட்டு பேக்கன் எடு. மருமகளை விட்டுச் செய்யச் சொல்லாதே, நீயே செய். மாமாவைக் கூப்பிடு, மற்றதையெல்லாம் நீ பரிமாறு, பேக்கனை மட்டும் அவன் கையால் இலையில் வைக்கச் சொல். ஏன் என்று கேட்டால், அக்காவுக்குப் பிடிக்கும் என்று சொல், போதும். தம்பி வந்துவிட்டான். இனி அவள் சாப்பிடலாம்.

அப்பா